நான்கில் மூன்றும் முக்காலும்: தொடக்கநிலைக் கணிதத்தில் பின்னத்தின் தமிழ் – காரியாபட்டி வட்டாரப் பின்புலத்தில் ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்வழித் தொடக்கக் கல்வியில் 4, 5ஆம் வகுப்புகளில் பயிலும் மாணவர், முழு எண்களிலிருந்து பின்னங்களுக்குக் கடந்து செல்கின்றனர். இக்கடப்பில் நேரும் இடர்ப்பாட்டுக்குக் கணிதத்தின் கடுமையோ மாணவரின் குறைபாடோ மட்டும் காரணமன்று. பின்னத்தைச் சொல்லப் பயன்படும் தமிழும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். பகுதி, தொகுதி ஆகிய கலைச்சொற்களும், ‘நான்கில் மூன்று’, ‘முக்கால்’ ஆகிய இருவகைப் பின்ன வழக்குகளும் விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டாரத்தின் அன்றாட அளவை வழக்கோடு ஒப்பிட்டு இங்கு ஆராயப்படுகின்றன. மொழியில் முன்னரே உள்ள விளக்கத்தைக் கற்பித்தல் பயன்கொள்ளவில்லை என்பதும், ‘உள்ளூர்ச் சூழலைப் பாடத்தில் சேர்த்தல்’ மட்டும் அதற்கு ஈடாகாது என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பின்னம், பகுதி, தொகுதி, கலைச்சொல், தொடக்கநிலைக் கணிதம், எண்ணும் எழுத்தும், காரியாபட்டி, கரிசல் வட்டாரம்.

முன்னுரை

தொடக்கக் கல்வியின் கணிதத் தரம் பற்றிய பொதுவிவாதம் பெரும்பாலும் இரண்டு கணக்குகளைச் சுற்றியே நிகழ்கிறது. கடன் வாங்கிக் கழிக்கும் ஈரிலக்கக் கழித்தல் ஒன்று. மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் மற்றொன்று. ஊரகக் குழந்தைகளின் கற்றலைக் கணிக்கும் ‘அசர்’ ஆய்வின் அடிப்படைக் கணக்குத் தாள் வகுத்தலோடு முடிவடைவதே இதற்குக் காரணம். செய்தியாகும் விழுக்காடுகள் அத்தாளிலிருந்தே எழுகின்றன. விளைவாக, 4, 5ஆம் வகுப்புகளில் மாணவர் சந்திக்கும் மிகப் பெரிய கருத்தியல் மாற்றமான பின்னம் பொதுவிவாதத்தின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இப்புறக்கணிப்பு சிறியதன்று. அமெரிக்க, இங்கிலாந்து மாணவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த தரவுகளைக் கொண்டு ராபர்ட் சீக்லரும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 10 வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் ஒருவர் பெற்றிருக்கும் அறிவு, 16 வயதில் அவரது இயற்கணிதத் திறனையும் ஒட்டுமொத்தக் கணிதத் திறனையும் முன்னறிவிக்கிறது எனக் காட்டியது. குடும்ப வருவாய், பொது அறிவுத்திறன் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நிலைத்தது. ஆகவே ஐந்தாம் வகுப்பில் பின்னத்தைத் தவறவிடும் மாணவர் ஓர் அலகை மட்டுமன்றி, உயர்நிலைக் கணிதத்துக்கான வழியையும் தவறவிடக்கூடும்.

காரியாபட்டி என்னும் களம்

காரியாபட்டி, மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அமைந்த வட்டத் தலைநகர். தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் செறிந்த சிவகாசி இதற்குத் தென்மேற்கே உள்ளது. இவ்வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி நிலப்பரப்பாகும். 2018இல் நிதி ஆயோக் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் இடம்பெற்றன. அத்திட்டம் மாவட்டங்களை மதிப்பிடும் குறியீடுகளுள் பள்ளி மாணவரின் கணிதக் கற்றலும் ஒன்று.

இம்மாவட்டத்தில் கணக்குக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு வரலாற்றுச் சுமை கொண்டது. தீப்பெட்டித் தொழிலில் எண்ணிக்கை என்பது கூலியின் மொழி. 144 பெட்டிகள் ஒரு குரோஸ். 600 பெட்டிகள் ஒரு பண்டல். எண்ணுக்கேற்ற கூலி முறையில் சிறுவரின் கைகளும் நெடுங்காலம் ஈடுபடுத்தப்பட்டன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் அச்சிறுவரைப் பள்ளிக்குள் கொணர முயன்ற படிநிலைகள். பள்ளிக்குள் வந்த குழந்தை அங்கு எதைக் கற்கிறது என்னும் வினா, இப்பின்னணியில் பிற மாவட்டங்களைவிடக் கூடுதல் கனம் பெறுகிறது.

பாடத்திட்டம் எதிர்பார்ப்பது

தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஆவணத்தின்படி, நான்காம் வகுப்பு மாணவர் ஒரு முழுப்பொருளிலும் பொருள்களின் தொகுப்பிலும் அரை, கால், முக்கால் ஆகியவற்றை இனங்காண வேண்டும். அவற்றை எண்ணுருவில் எழுத வேண்டும். 2/4உம் 1/2உம் சமம் எனக் காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்பு மாணவர் சமான பின்னங்களை உருவாக்கவும், பின்னத்தைத் தசம வடிவிலும் தசமத்தைப் பின்ன வடிவிலும் மாற்றவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2019–20ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடநூல்களும், 2022 சூனில் தொடங்கி 2023–24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட எண்ணும் எழுத்தும் இயக்கமும் இவ்வயதினரின் கணிதக் கல்விக்கான சட்டகங்கள்.

செயல்பாடு, படம், குழுக் கற்றல், மாணவரின் நிலைக்கேற்ற பயிற்சி ஆகியவற்றுக்கு இச்சட்டகங்கள் தரும் இடம் பாராட்டத்தக்கது. முந்தைய தலைமுறையின் வாய்ப்பாட்டு மனப்பாடத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆயின் இச்செயல்பாடுகள் அனைத்தும் சொற்களின் வழியாகவே நிகழ்கின்றன. அச்சொற்கள் பற்றிய சிந்தனை, செயல்பாடுகள் பற்றிய சிந்தனைக்கு இணையாக வளரவில்லை.

பகுதியும் தொகுதியும்

3/4 என்னும் பின்னத்தில் 3 தொகுதி, 4 பகுதி. சொல்லாக்க நோக்கில் இவ்விணை மிகச் செறிவானது. ‘பகு’ என்னும் வினையடியிலிருந்து பகுதியும், ‘தொகு’ என்னும் வினையடியிலிருந்து தொகுதியும் பிறக்கின்றன. மிகுதி, தகுதி, மறதி என்பன போல ‘தி’ ஈறு பெற்ற பெயர்கள் இவை. முழுமை எத்தனையாகப் பகுக்கப்பட்டது என்பதைச் சொல்வது பகுதி. பகுத்தவற்றுள் எத்தனை தொகுக்கப்பட்டன என்பதைச் சொல்வது தொகுதி. பின்னம் உருவாகும் செயல்முறை முழுவதும் இவ்விரு சொற்களுள் அடங்கியுள்ளது. மேலைமொழிக் கலைச்சொற்களை ஒலிபெயர்த்திருப்பின் இவ்விளக்கம் கிட்டியிராது.

எனினும் வகுப்பறையில் இச்சொற்கள் அறிமுகமாகும் முறை வேறு. ‘மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி’ என்னும் இட அடையாளமே வழக்கமான வரையறை. பகுத்தலும் தொகுத்தலும் மறைந்து, கோட்டுக்கு மேல், கோட்டுக்குக் கீழ் என்னும் முகவரிகள் மட்டும் எஞ்சுகின்றன. வினையிலிருந்து பிறந்த சொல் வெறும் பெயர்ப்பலகையாகி விடுகிறது.

இதைவிடக் கூர்மையான சிக்கல் ஒன்றுண்டு. பொதுவழக்கில் பகுதி என்பது ஒரு முழுமையின் துண்டைக் குறிக்கும். பின்னப் பாடத்தில் மிகுதியும் இடம்பெறும் வினா, நிழலிடப்பட்ட பகுதியைப் பின்னமாக எழுதச் சொல்லும் வினா. நான்கு சம பாகங்களில் மூன்று நிழலிடப்பட்ட வட்டத்தில் ‘நிழலிடப்பட்ட பகுதி’ எனும்போது மாணவரின் கண் மூன்றின்மேல் செல்கிறது. அதே பாடத்தில் ‘இப்பின்னத்தின் பகுதி யாது?’ என்று கேட்டால் விடை நான்கு. ஒரே பாடத்தில் ஒரே சொல் முதலில் மூன்றையும் பின்னர் நான்கையும் குறிக்கிறது. மேலும், திருச்சுழி சட்டமன்றத் தொகுதியில் அமைந்த காரியாபட்டியின் குழந்தை ‘தொகுதி’ என்னும் சொல்லைத் தேர்தல் சுவரெழுத்திலிருந்தே முதலில் அறிந்திருக்கும். அங்குத் தொகுதி என்பது ஒரு பரப்பு, ஒரு முழுமை. பகுதி சிறியது, தொகுதி பெரியது என்னும் வழக்குணர்வோடு வரும் குழந்தையிடம், தகு பின்னத்தில் தொகுதி சிறிய எண், பகுதி பெரிய எண் எனக் கூறப்படுகிறது. இரு எண்களையும் மாற்றி எழுதும் மாணவரைக் கவனமற்றவர் எனக் கருதுமுன், அம்மாணவர் தமிழைத் தமிழாகவே புரிந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல் பல பொருள் தருவது எம்மொழிக்கும் இயல்பு, சூழலே பொருளைத் தெளிவிக்கும் என மறுப்புரைக்கலாம். சூழல்கள் வேறுபடும்போது அது பொருந்தும். இங்கோ இரு பொருள்களும் ஒரே பக்கத்தில், ஒரே படத்தைப் பற்றி நிற்கின்றன. கலைச்சொற்களை மாற்ற வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. மேல்வகுப்புகளிலும் அவையே தொடர்வதால் மாற்றம் புதிய குழப்பத்தையே தரும். படத்தைச் சுட்டுமிடத்துப் ‘பாகம்’ அல்லது ‘பங்கு’ எனவும், எண்ணைச் சுட்டுமிடத்துப் ‘பகுதியெண்’, ‘தொகுதியெண்’ எனவும் வேறுபடுத்தி ஆள்வதே போதுமானது.

நான்கில் மூன்று

தமிழ் பின்னத்தை இரு வழிகளில் சொல்கிறது. முதல் வழி ‘நான்கில் மூன்று’, ‘ஐந்தில் இரண்டு’ என்பது. இதில் முழுமையின் பகுப்பு முதலிலும் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை பின்னரும் வருகின்றன. ‘இல்’ என்னும் வேற்றுமை உருபு, மூன்று நான்கினுள் அடங்கியது என்பதையும் உணர்த்துகிறது.

கொரிய மொழியின் பின்னப் பெயர்களும் இத்தகைய அமைப்புடையவை. ஐரீன் மியூராவும் பிறரும் 1999இல் கொரியா, குரோவேசியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளை ஒப்பிட்டு, முறையாகப் பின்னம் கற்கும் முன்னரே கொரியக் குழந்தைகள் பின்னத்தைப் படத்தோடு பொருத்துவதில் சிறந்தனர் என்றும், மொழியமைப்பு அதற்குத் துணைபுரிந்தது என்றும் கூறினர். 2003இல் பெய்க், மிக்சு ஆகியோரின் மறுஆய்வு நாடுகளுக்கிடையிலான அவ்வேறுபாட்டை உறுதிசெய்யவில்லை. எனினும் பகுப்பையும் எடுப்பையும் வெளிப்படச் சொல்லும் பெயர்களை ஆண்டபோது குழந்தைகளின் விடைகள் மேம்பட்டன என்பதை அவ்வாய்வும் காட்டியது. ஒரு மொழியைப் பேசுவதாலேயே கணிதம் வந்துவிடாது. ஆனால் பொருளை வெளிப்படுத்தும் சொற்றொடரைக் கற்பித்தலில் ஆண்டால் பயனுண்டு என்பதே இவ்விரண்டிலிருந்தும் பெறத்தக்க முடிபு.

அச்சொற்றொடர் தமிழில் இயல்பாகவே உள்ளது. ஆனால் தமிழ்வழி வகுப்பறைகளிலும் 3/4 என்பதை ‘மூன்று பை நான்கு’ எனப் படிக்கும் வழக்கம் பரவியுள்ளது. ‘பை’ என்பது குழந்தைக்குப் பொருளற்ற ஓர் ஒலி. மேலும் எழுதும் கை மேலிருந்து மூன்று, கோடு, நான்கு என இறங்குகிறது. தமிழ்த் தொடரோ நான்கிலிருந்து தொடங்குகிறது. கோட்டையும் பகுதியெண்ணையும் முதலில் எழுதி, ‘நான்கில்’ எனச் சொல்லி, பின்னர்த் தொகுதியெண்ணை எழுதி ‘மூன்று’ எனச் சொல்லும் பயிற்சி இம்முரணைத் தீர்க்கும். இதற்குப் புதிய கருவியோ செலவோ தேவையில்லை.

முக்கால்

இரண்டாம் வழி ‘முக்கால்’ என்பது. இது மூன்று கால். இங்கு முழுமையைப் பற்றிய பேச்சில்லை. ‘கால்’ என்பது தானே ஓர் அலகாகி எண்ணப்படுகிறது. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாடு முழுவதும் இந்நெறியிலேயே அமைந்தது. 1/20 மா, 3/20 மும்மா, 1/5 நாலுமா, 1/80 காணி, 3/80 முக்காணி, 1/16 வீசம் அல்லது மாகாணி, 1/320 முந்திரி. வீசத்தையும் மாவையும் கூட்ட வேண்டின், வீசம் 20 முந்திரி, மா 16 முந்திரி, ஆக 36 முந்திரி எனக் கணக்கிடலாம். இன்று வேற்றினப் பின்னங்களைக் கூட்டப் பொதுப் பகுதியெண் காண்பதும் இதே கருத்தே.

இவ்வழியின் இன்றியமையாமை தகா பின்னத்தில் வெளிப்படுகிறது. 5/4 என்பதை ‘நான்கில் ஐந்து’ எனச் சொன்னால் பொருளில்லை. நான்கு பாகங்களில் ஐந்தை எவ்வாறு எடுப்பது? நிழலிட்ட வட்டமும் இங்குக் கைவிடுகிறது. பாகம்–முழுமை என்னும் கருத்தில் மட்டும் பயின்ற மாணவர் தகா பின்னத்தில் தடுமாறுவது இயல்பே. ஆனால் ஐந்து கால் சேர்ந்தால் ஒன்றேகால் என்பதைக் கடைத்தெரு அறியும். ‘ஒண்ணேகால் கிலோ’ கேட்டு வாங்கும் காரியாபட்டிக் குழந்தை கலப்பு பின்னத்தைச் சொல்லாகப் பெற்றிருக்கிறது. அச்சொல்லிலிருந்து 1 1/4 என்னும் எழுத்துக்கும், அதிலிருந்து 5/4 என்னும் எழுத்துக்கும் பாலம் அமைப்பதே பள்ளியின் பணி. அரை, கால், முக்கால் என்னும் பெயர்களைப் பாடம் பயன்படுத்துகிறது என்பது உண்மையே. ஆயின் அவை தொடக்கத்துப் படங்களின் பெயர்களாக நின்றுவிடுகின்றன. தகா பின்னம் வருமிடத்து அவை மீண்டும் அழைக்கப்பட வேண்டும்.

தசமத்துக்கும் இவ்வட்டாரம் ஓர் அலகைத் தருகிறது. நிலத்தைப் பற்றிய பேச்சில் ஏக்கரும் சென்ட்டும் நாள்தோறும் புழங்குகின்றன. ஓர் ஏக்கர் 100 சென்ட். முக்கால் ஏக்கர் 75 சென்ட் என்பதை வீட்டில் கேட்டறிந்த குழந்தைக்கு, 3/4, 75/100, 0.75 ஆகிய மூன்றும் ஒன்றே என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான சான்று அரிது.

பழமை ஏக்கமும் உள்ளூர்ச் சூழலும்

இவ்வாதத்தை இருவகையில் தவறாகப் பொருள்கொள்ள இடமுண்டு. முதலாவது, எண்சுவடிக் காலத்துக்குத் திரும்புதல். கணக்கதிகாரம் முதலிய நூல்களும் திண்ணைப் பள்ளியின் எண்சுவடி மரபும் வியப்புக்குரியவை. அம்மரபை விரிவாக ஆராய்ந்த து.செந்தில்பாபு, நினைவாற்றலை மையமாகக் கொண்ட அக்கல்வி நெல், நிலம், கூலி ஆகியவற்றை அளக்கும் சமூக அமைப்போடு பிணைந்திருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். அளக்கும் உரிமை சிலருக்கும் அளக்கப்படும் உழைப்பு பலருக்கும் உரியதாக இருந்த அமைப்பு அது. தவிரவும் 1957இல் தசம நாணயமும் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின் மா, காணி, முந்திரி ஆகியவை இவ்வட்டாரப் பேச்சிலிருந்து மறைந்தன. ‘மா’ இன்றும் நில அளவாக வாழ்வது காவிரிப் படுகையில். ஆகவே உயிரோடிருக்கும் சொற்களையே பாடம் பற்ற வேண்டும். அவை வட்டாரந்தோறும் வேறுபடும் என்பதால் மாநிலப் பொதுப்பாடநூல் அதற்கான இடத்தை ஆசிரியருக்கு விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளூர்ப் பொருள்களைக் கணக்கில் பெய்தாலே போதும் என்னும் எண்ணம். வட்டத்துக்குப் பதில் பணியாரத்தையும், பழக்கூடைக்குப் பதில் தீப்பெட்டிப் பண்டலையும் இடுவது பாடத்தின் ஆடையை மட்டுமே மாற்றும். பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற 5 சிறாரை ஆராய்ந்து கராகரும் பிறரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், விற்பனைச் சூழலில் 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட சிறார், அதே கணக்குகள் வெற்றெண்களாகத் தரப்பட்டபோது 37 விழுக்காடே சரியாகச் செய்தனர். 2025இல் ‘நேச்சர்’ இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வும் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் பணியாற்றும் சிறாரிடம் இதையொத்த முடிவைக் கண்டது. பள்ளி மட்டும் சென்ற குழந்தைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்பதையும் சேர்த்துக் கூறியது. இரு கணிதங்களும் தாமாக ஒன்றையொன்று சென்றடைவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் இதற்கோர் அறநெறிக் கூறும் உண்டு. குரோஸ் எண்ணும் திறனைக் குழந்தையின் ‘உள்ளூர் அறிவு’ எனப் போற்றும் பாடம், அத்திறன் எவ்வகையில் ஈட்டப்பட்டது என்பதை மறந்துவிடக்கூடும். 600 பெட்டிகளின் முக்கால் பங்கு 450 எனக் கணக்கிடுவதில் பிழையில்லை. ஆனால் குழந்தையை மீண்டும் பெட்டியின் முன் அமர்த்துவது பள்ளியின் நோக்கமாகாது. அவ்வறிவை எழுத்துக் கணிதமாக மாற்றி, எண்ணுக்கேற்ற கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என வினவும் ஆற்றலைத் தருவதே நோக்கம். அதற்கு வேண்டுவது புதிய படமன்று. பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் மொழிப் பாலம்.

முடிவுரை

தொடக்கநிலையின் மேல் வகுப்புகளில் பின்னம் கற்பித்தலைத் தமிழின் நோக்கில் ஆராயுங்கால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன.

1. பகுதி, தொகுதி ஆகியன பொருட்செறிவுடைய சொற்கள். ‘மேல்–கீழ்’ என்னும் வரையறை அப்பொருளை மறைக்கிறது. பகுத்தல், தொகுத்தல் ஆகிய செயல்களிலிருந்தே அவற்றை அறிமுகப்படுத்த வேண்டும். படத்தின் துண்டைக் குறிக்கப் பகுதி என்னும் சொல்லை அப்பாடத்தில் தவிர்க்க வேண்டும்.

2. ‘நான்கில் மூன்று’ என்பது பாகம்–முழுமை உறவையும், ‘முக்கால்’ என்பது அலகை எண்ணும் நெறியையும் உணர்த்துகின்றன. தகு பின்னத்துக்கு இரண்டும் பொருந்தும். தகா பின்னத்துக்கு இரண்டாவதே வழி. இரண்டையும் வேறுபடுத்திக் கற்பித்தல் வேண்டும்.

3. வட்டார வழக்கு பாடத்தின் அணிகலனன்று. குழந்தையின் பேச்சை எழுத்துக் கணிதத்தோடு இணைக்கும் முதற்படி. எவ்வழக்கு எங்கு உயிரோடுள்ளது என்பதைக் கண்டறிவது கணிதக் கல்வியாளரோடு தமிழாய்வாளருக்கும் உரிய பணி.

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழாய்வு பெரிதும் உயர்கல்வியையும் அறிவியல் துறைகளையும் நோக்கியே நிகழ்ந்துள்ளது. ஒரு கலைச்சொல் உண்மையில் வாழ்கிறதா என்பது ஒன்பது, பத்து வயதுக் குழந்தையின் பலகையிலும் குறிப்பேட்டிலும்தான் தெரியவரும். ‘ஒண்ணேகால்’ எனச் சொல்லத் தெரிந்த குழந்தை 5/4 என்பதைக் கண்டு தயங்குமாயின், அத்தயக்கத்தை ஆராயும் பொறுப்பு தமிழாய்வுக்கும் உண்டு.